புதுப்பிப்பு: ரேக்வான் பேட்டில் ஆடிவிட்டார்

அமெரிக்காவில் இரண்டாம் முறை கல்லூரி மாறிய விளையாட்டு வீரர்கள், ஆடும் தகுதிக்காக விதிப்படி ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து மொன்டானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும், அங்கிருந்து மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கும் வந்த கூடைப்பந்து வீரர் ரேக்வான் பேட்டிலின் விலக்குக் கோரிக்கையை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் சங்கமான என்.சி.ஏ.ஏ. மறுத்துவிட்டது என்பதோடு அது நின்றிருந்தது.

ஒஹாயோ உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் தொடுத்த வழக்கில், 2023 டிசம்பர் 13 அன்று கூட்டாட்சி நீதிபதி ஜான் பிரெஸ்டன் பெய்லி அந்த விதிக்கு 14 நாள் இடைக்காலத் தடை விதித்தார். ஆனால், அந்த நிம்மதி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. தடை பின்னர் நீக்கப்பட்டால், இந்த நாட்களில் ஆடியவர்கள் தங்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரு பருவத்தையே இழக்க நேரிடலாம் என்று என்.சி.ஏ.ஏ. எச்சரித்தது. நீதிமன்றம் ஆடலாம் என்கிறது. ஆடினால் ஓராண்டு போகலாம் என்கிறது சங்கம். அணியோடு நாள்தோறும் பயிற்சி செய்துவிட்டு, ஆட்ட நாளில் மட்டும் ஓரத்தில் அமர்ந்திருக்கும் ஓர் இளைஞரிடம் இப்படியொரு முடிவைத் தள்ளிவிடுவது கொடுமை என்றே கருதுகிறேன்.

இரு தரப்பும் உடன்பட்டு, வசந்தகாலப் போட்டிகள் முடியும்வரை தடையை நீட்டித்த பிறகுதான் அந்த அச்சம் விலகியது. டிசம்பர் 20 அன்று ராட்ஃபோர்டு பல்கலைக்கழக அணிக்கு எதிராகக் களமிறங்கிய பேட்டில், முதல் ஆட்டத்திலேயே 29 புள்ளிகள் எடுத்தார்.

2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. விதியையே மாற்றியது. படிப்புத் தகுதியை நிறைவு செய்தவர்கள், எத்தனை முறை மாறியிருந்தாலும் உடனே ஆடலாம் என்று அந்த மாற்றம் அனுமதித்தது.