நாட்டுக்கோழி போட்டால் நாயின் அரிப்பு நிற்குமா?

புருனோ அம்மா: நேற்று ஒரு தம்பி தன் நாய்க்கு அரிப்பு நிற்கவில்லை, வீட்டிலேயே என்ன சமைத்துப் போடலாம் என்று கேட்டிருந்தார். அதற்குப் பொள்ளாச்சிக்காரன் அண்ணன் எழுதிய பதில்: "பிராய்லரை நிறுத்து, நாட்டுக்கோழி போடு, பத்தே நாளில் அரிப்பு ஓடிவிடும்." படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இதே பேச்சை நம்பித்தான் போன வருடம் என் புருனோவுக்கு (லேப்ரடார், 5 வயது) இரண்டு மாதம் நாட்டுக்கோழியாக வேகவைத்துக் கொட்டினேன். நக்கி நக்கி விரலிடுக்கில் முடி துருப்பிடித்த நிறத்துக்குப் போனதுதான் மிச்சம். காதைத் திறந்தால் புளித்த இட்லி மாவு வாடை. பிறகு டாக்டர் சொன்னபடி 8 வாரம் முயல் கறியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மட்டும் கொடுத்தோம். ஆறாவது வாரம் சொறிவது நின்றது. சோதனைக்காக நாட்டுக்கோழியை மறுபடி கொடுத்தோம், மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலுக்கடியில் 'சரக் சரக்' என்று ஆரம்பித்துவிட்டான். கோழி கோழிதான் அண்ணா.

பொள்ளாச்சிக்காரன்: வணக்கம் மேடம். நீங்கள் வாங்கியது நாட்டுக்கோழியே இல்லை. சென்னையில் நாட்டுக்கோழி என்று போர்டு மாட்டி விற்பதில் பாதி கிரிராஜா, வனராஜா மாதிரிக் கலப்பு. என் தோட்டத்துக்கு வாருங்கள், காட்டுகிறேன். என் கருப்பனுக்கு 7 வயது. நாட்டுக்கோழி தின்றே வளர்ந்தவன், ஒரு நாள் சொறிந்து நான் பார்த்ததில்லை.

மத்தி மீன்: கருப்பனுக்கு ஒவ்வாமையே கிடையாதே அண்ணே. எனக்குக்கூடத்தான் சர்க்கரை வியாதி இல்லை, அதற்காக ஜிலேபி மருந்தாகிவிடுமா?

கம்பவுண்டர் தாத்தா: 31 வருடம் கால்நடை மருத்துவமனையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒவ்வாமை வேறு, செரிக்காமல் போவது வேறு. ஒவ்வாமையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒரு புரதத்தைப் பகையாளியாக நினைத்துக்கொள்கிறது. பால் குடித்து வயிறு கலங்குவது பெரும்பாலும் பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததால், அது இந்தக் கணக்கில் வராது. அரிக்கிற நாய்க்கெல்லாம் சாப்பாடுதான் காரணம் என்றும் இல்லை. தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம், தூசியாக இருக்கலாம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

பொள்ளாச்சிக்காரன்: அதெல்லாம் இருக்கட்டும் ஐயா. மேடம், நீங்கள் வாங்கிய கோழிக்குக் கொண்டை எப்படி இருந்தது?

புருனோ அம்மா: உரித்து, துண்டு போட்டு, பையில் கட்டிக் கொடுத்தார்கள். அதில் கொண்டைக்கு எங்கே போவது?

பொள்ளாச்சிக்காரன்: ஆக, கொண்டையைப் பார்க்கவில்லை. குறித்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

மத்தி மீன்: குறித்தாயிற்று. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். உணவு ஒவ்வாமை உள்ள 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்து 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாத நாய்கள் 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13. அதில் பிராய்லருக்கு ஒரு வரி, நாட்டுக்கோழிக்கு ஒரு வரி என்றெல்லாம் பிரித்துப் போடவில்லை. கொண்டை எப்படி இருந்தாலும் இரண்டும் ஒரே இனம், புரதமும் அதேதான்.

பொள்ளாச்சிக்காரன்: பிரித்துப் போடவில்லை என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். ஆக, நாட்டுக்கோழியை எவனும் சோதிக்கவே இல்லை. நான் சொன்னதும் அதுதான். வெள்ளைக்காரன் நாய் தின்றது ஊசி போட்ட பிராய்லர்.

மத்தி மீன்: எந்த ஊசி? பிராய்லர் ஆறு வாரத்தில் வளர்வது ரகத்தாலும் தீவனத்தாலும். ஹார்மோன் ஊசி என்பது வாட்ஸ்அப்பில் பொரித்த குஞ்சு.

பொள்ளாச்சிக்காரன்: தம்பி, நீங்கள் கோழி வளர்த்திருக்கிறீர்களா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று சொல்லுங்கள்.

சிப்பிப்பாறை வீரன்: சீமை நாயை வாங்கி ஏசியில் படுக்க வைத்தால் அரிக்காமல் என்ன செய்யும்? நம்ம நாட்டு நாய் கம்பங்கூழ் குடித்துவிட்டு முயலை விரட்டிப் பிடிக்கும். அதற்கு எந்த அலர்ஜியும் வராது.

கம்பவுண்டர் தாத்தா: வரும் தம்பி. நானே பார்த்திருக்கிறேன்.

புருனோ அம்மா: சிப்பிப்பாறை வீரன், புருனோவை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. மேடவாக்கம் ரோட்டில் கழுத்தில் அறுந்த கயிற்றோடு நின்றவன். சீமை நாய், நாட்டு நாய் பேச்சையெல்லாம் அவனைக் கொண்டுவந்து விட்டுப் போனவர்களிடம் போய்ப் பேசுங்கள்.

தயிர்சாதம்: எங்கள் வீட்டில் 11 வருடமாகத் தயிர்சாதம்தான். கறியே போடாத வீட்டில் கோழி அலர்ஜி எங்கிருந்து வரும்?

மத்தி மீன்: பால் பொருட்கள் 17, கோழி 15. மேலே எழுதியிருக்கிறேன், படிக்கலாம்.

தயிர்சாதம்: உங்கள் பெயரைத் தாண்டி மேலே போக முடியவில்லை. வாடை.

பொள்ளாச்சிக்காரன்: 15 என்பது பிராய்லர்.

புருனோ அம்மா: அந்தத் தம்பிக்காக எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் தாண்டிப் போகலாம். இதுவரை நாய் தின்றே பார்க்காத ஒரே ஒரு கறி, ஒரே ஒரு கிழங்கு. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. 8 வாரம் வேறு எதுவும் வாயில் படக்கூடாது, பிஸ்கட் உட்பட. எனக்கு நான்காவது வாரமே கெட்டுப்போகப் பார்த்தது. சந்தேகப்பட்டு மாமியாரின் தலையணையைத் தூக்கினால் பால் பிஸ்கட் பாக்கெட். "பாவம்டி, குழந்தை முகத்தைப் பார்க்கிறான்" என்கிறார். இதயப்புழுவுக்குக் கொடுக்கும் மெல்லுகிற மாத்திரையிலும் சிலவற்றில் கறிச் சுவை சேர்த்திருப்பார்கள், டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், இதையே காலம் முழுக்கப் போட முடியாது. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். 2013-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வளர்ந்த நாய்களுக்கான வீட்டுச் சமையல் குறிப்புகள் 200 எடுத்து அலசினார்கள், 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்து குறைந்தது. புருனோவுக்கு டாக்டர் எடை பார்த்துக் கால்சியம் பொடியும் துத்தநாகமும் எழுதிக் கொடுத்தார். முட்டை ஓட்டுப் பொடி வேண்டாம் என்றார், ஓட்டில் ஒட்டிய சவ்வில் முட்டைப் புரதம் இருக்குமாம்.

பொள்ளாச்சிக்காரன்: எந்தக் கோழியின் முட்டை ஓடு?

மத்தி மீன்: ஐயோ.

பொள்ளாச்சிக்காரன்: சிரிக்காதீர்கள். மேடம் வாயாலேயே வந்துவிட்டது. மாத்திரையில் கறிச் சுவை. மாமியார் கையில் பால் பிஸ்கட். இத்தனையும் நாய் வயிற்றுக்குள் போயிருக்க, பழி மட்டும் என் நாட்டுக்கோழி மேலா?

புருனோ அம்மா: பிஸ்கட்டைப் பிடுங்கிய பிறகுதான் அரிப்பு நின்றது அண்ணா. கோழியைக் கொடுத்தது அதற்கும் பிறகு. வரிசையைப் பாருங்கள்.

பொள்ளாச்சிக்காரன்: கொண்டையைப் பார்க்காத கோழி.

மத்தி மீன்: உண்ணிக்கு வேப்பெண்ணெய் போதும் என்று போன மார்கழியில் இதே அண்ணன்தான் எழுதினார். கருப்பனுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து குளுக்கோஸ் ஏற்றியபோது யார் யாரைக் கூப்பிட்டார் என்றும் சொல்லட்டும்.

பொள்ளாச்சிக்காரன்: அது கடை வேப்பெண்ணெய். செக்கில் ஆட்டியது இல்லை. பழையதை எடுப்பதென்றால் நானும் எடுப்பேன் தம்பி. உங்கள் நாய் மீன்முள் தொண்டையில் சிக்கி ராத்திரி முழுக்கக் கத்தியதை யாரும் மறக்கவில்லை.

தயிர்சாதம்: தயிர்சாதத்தில் முள் கிடையாது.

கம்பவுண்டர் தாத்தா: மறுபடி கேட்கிறேன். நேற்றுக் கேட்ட தம்பியின் நாய்க்கு எந்த மாதத்தில் அரிப்பு? வருடம் முழுக்கவா, சில மாதம் மட்டுமா? காதில் சீழ் உண்டா? வால் அடியில் முடி கொட்டியிருந்தால் முதலில் தெள்ளுப்பூச்சியைப் பார்க்க வேண்டும். இதைக் கேட்காமல் கறியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

சிப்பிப்பாறை வீரன்: அவருடையது என்ன நாய் என்று கேளுங்கள் முதலில். பக் என்றால் நான் பேசவே மாட்டேன்.

நேற்றுக் கேட்டவன்: பக் இல்லை அண்ணா, தெருவில் எடுத்தது. நேற்று ராத்திரியும் தூங்கவில்லை. கடைக்குக் கிளம்பிவிட்டேன், என்ன வாங்கட்டும்?

புருனோ அம்மா: கடைக்குப் போகாதீர்கள் தம்பி, முதலில் டாக்டர். அதுவரை கோழி மட்டும் வேண்டாம்.

பொள்ளாச்சிக்காரன்: பிராய்லர் வேண்டாம். தம்பி, உங்கள் ஊரில் சந்தை என்றைக்கு?