தமிழ்த் தளத்தைத் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் படிப்பது ஏன்?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்துக்காக நான் அமைத்த தளத்தைப் பார்வையற்ற வாசகர் ஒருவர் திறந்தபோது, திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) தமிழ் வரிகளை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று திக்கியதைக் கேட்டு வருந்தினேன். பிழை எங்கே இருக்கக்கூடும்?

மறுமொழி 1: வலைப்பக்கத்தை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லின் தொடக்கக் குறியில், மொழியைச் சுட்டும் 'லேங்' பண்பில், வார்ப்புருவோடு வந்த 'இஎன்' (ஆங்கிலம்) அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள், ஐயா. அதை 'டிஏ' (தமிழ்) என மாற்றினால், தமிழ்க் குரல் நிறுவப்பட்ட கணினியில் வாசிப்பான் பெரும்பாலும் தானே அக்குரலுக்கு மாறிவிடும். வலைத்தளங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி வகுக்கப்பட்ட டபிள்யூசிஏஜி நெறிமுறை இதை அடிப்படையான 'ஏ' நிலையிலேயே (விதி 3.1.1) கோருகிறது.

மறுமொழி 2: மொழியோடு, திரைவாசிப்பானுக்காகத் தளத்தின் தேடல் பெட்டியையும் கவனியுங்கள். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பை, அப்பெட்டி எதற்கு என்று சொல்லும் பெயர்ச்சீட்டாகக் கருதிவிடாதீர்கள், தட்டச்சிட்டதும் அது மறைந்துவிடும் என்பதால், 'லேபிள்' குறியைத் தனியே இணைப்பதே முறை.

கேட்டவர்: 'இஎன்' என்றுதான் இருந்தது. மாற்றியபின் நூற்பட்டியல் முழுவதும் தெளிவாகக் கேட்கிறது. பெயர்ச்சீட்டை இன்றே சேர்க்கிறேன்.