சாண்டா கிளாராவின் செதுக்கிய கருங்கலங்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாண்டா ஃபே நகரின் பழைய ஆளுநர் மாளிகைத் தாழ்வாரத்தில் பூர்வகுடிக் கலைஞர்கள் துணி விரித்துத் தாங்கள் செய்தவற்றை விற்கிறார்கள். சாண்டா கிளாரா புவெப்லோ என்னும் பூர்வகுடி ஊரைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, செதுக்கிய கறுப்பு மண்கலம் ஒன்றை என் கையில் கொடுத்தார். அவன்யு என்னும் நீர்ப்பாம்பு அதன் தோளைச் சுற்றி ஓடுகிறது. பாம்பின் உடல் பளபளக்கிறது. செதுக்கிய பள்ளமோ ஒளியே படாததுபோல் மங்கிக் கிடக்கிறது.

எண்ணெய் பூசுவீர்களா என்று கேட்டேன். இல்லையாம். குயவர் சக்கரம் கிடையாது, கண்ணாடிப் பூச்சும் கிடையாது. எரிமலைச் சாம்பல் கலந்த களிமண்ணைத் திரியாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கையாலேயே எழுப்புகிறார்கள். ஈரம் குறைந்து மண் இறுகியதும் செதுக்குகிறார்கள். பிறகு களிமண் குழம்பைப் பூசி, அது உலர்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்கிறார்கள். அந்தக் கல் அவருக்குப் பாட்டி வழி வந்தது.

சுடுவது வெட்டவெளியில். தீ நன்றாகப் பிடித்ததும் பொடித்த குதிரைச் சாணத்தைக் கொட்டி மூடிவிடுகிறார்கள். காற்று புகாததால், சிவக்க வேண்டிய மண் கறுத்துவிடுகிறது. மூடாமல் சுட்டால் அதே கலம் சிவப்பாக வரும்! கலத்தின் சுவருக்குள் ஈரம் தங்கியிருந்தால் நெருப்பில் வெடித்து அத்தனை உழைப்பும் போய்விடும். இதைக் கேட்ட பிறகும் பக்கத்தில் ஒருவர் பாதி விலைக்குப் பேரம் பேசினார். எனக்குக் கோபமே வந்தது. தயவுசெய்து அங்கே பேரம் பேசாதீர்கள்.

*

அக்கா, நான் பார்த்தது சாண்டா கிளாராவின் மண்கலக் கலைஞர் மார்கரெட் தஃபோயாவின் பெரிய சாடி, அருங்காட்சியகத்தில். 1904இல் பிறந்து 2001இல் மறைந்தவர். கழுத்தருகே கரடியின் பாதத் தடம் மட்டும்தான்; வேறு அலங்காரமே இல்லை. வறட்சிக் காலத்தில் கரடிதான் நீர் இருக்கும் இடத்தைக் காட்டியது என்பது அவர்கள் மரபு. அவ்வளவு பெரிய சாடியைச் சக்கரமின்றி எழுப்பி, கோணாமல் சுட்டெடுத்த கையை நினைத்து வெகுநேரம் நின்றுவிட்டேன்.

பக்கத்துப் புவெப்லோவான சான் இல்டிஃபொன்சோவின் கலைஞர் மரியா மார்ட்டினெஸ் செய்த கலங்களோடு பலர் இவற்றைக் குழப்புகிறார்கள். மரியாவும் கணவர் ஜூலியனும் புகழ்பெற்றது மெருகிட்ட கருமைமேல் மங்கல் கருமையில் தீட்டிய வேலைக்கு. அதில் பள்ளம் இருக்காது, விரலால் தடவினாலே தெரியும்.

வாங்கியவர்களுக்கு ஒன்று: உள்ளே தண்ணீர் ஊற்றாதீர்கள், பூ வைக்கவும் வேண்டாம். குறைந்த சூட்டில் வெந்த மண், ஈரத்தை உறிஞ்சி மெருகு பாழாகும். உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே போதும்.