கறுப்பு வெள்ளைக் கில்டுக்கு வெள்ளைக் காலுறையா?

லீத் துறைமுகத்தான்:
திருமண உடைகளைப் பற்றிய இழையில் நண்பர் கிளைடு கரையோன் நேற்று ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறார். கறுப்பு வெள்ளை டார்டன் கட்டத்துணியில் கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை, அணிபவர் வெள்ளைக் காலுறைதான் போட வேண்டுமாம், அதுவே ஸ்காட்லாந்தின் தொன்றுதொட்ட மரபாம். ‘தொன்றுதொட்ட’ என்ற சொல்லைக் கண்ட பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை, அதனால் தனி இழை தொடங்குகிறேன். பழைய மலைநாட்டார் டார்டன் துணியையே குறுக்குச் சாய்வில் வெட்டித் தைத்துக் காலுறையாகப் போட்டார்கள். ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகள் கட்டம் போட்ட காலுறைகளை அணிந்தன. பிளாக் வாட்ச் படைக்குச் சிவப்பும் கறுப்பும், ஆர்கைல் சதர்லாந்து படைக்குச் சிவப்பும் வெள்ளையும். எல்லாருடைய காலுக்கும் ஒரே வெள்ளையை மாட்டிவிடும் வழக்கம், பல அளவுகளில் பல நிறங்களை வாங்கி வைக்க மனமில்லாத வாடகைக் கடைகள் வளர்த்துவிட்டது. கறுப்பு வெள்ளைக் கில்டுக்குச் சாம்பல் நிறக் காலுறையே பொருந்தும்.

கிளைடு கரையோன்:
உங்கள் உறக்கத்தைக் கெடுத்ததற்கு வருந்துகிறேன், ஐயா. ஆனால் கில்டில் இருப்பவை இரண்டே நிறங்கள், அவற்றில் ஒன்று வெள்ளை. உடையில் உள்ள நிறத்தைக் காலில் போடக்கூடாது, இல்லாத நிறத்தைத்தான் போட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? கிளாஸ்கோவில் பதினொரு ஆண்டுகளில் ஏழு திருமணங்களுக்குச் சென்றிருக்கிறேன், ஏழிலும் மாப்பிள்ளைத் தோழர்கள் வெள்ளைக் காலுறைதான் அணிந்திருந்தார்கள். கண்ணால் கண்டதை நம்புவதா, லீத் துறைமுகத்திலிருந்து வரும் ஆணையை நம்புவதா?

புதுக்கில்ட்:
இரு பெரியவர்களுக்கும் வணக்கம். இந்தச் சண்டைக்குக் காரணமான கேள்வியைக் கேட்டவன் நான்தான். வரும் சனிக்கிழமை அபர்ஃபெல்டியில் என்னோடு வேலை செய்யும் நண்பருக்குத் திருமணம். அவர் மென்சீஸ் குலத்தவர், தோழர்கள் அனைவரும் அந்தக் குலத்தின் கறுப்பு வெள்ளை டார்டனையே அணிய வேண்டும் என்று விரும்புகிறார். சடங்கு பிற்பகல் இரண்டு மணிக்கு, இரவில் கேய்லி நடனம். காலுறை எதுவாக இருந்தாலும் சரி, மேலாடை எது என்பதையும் யாராவது தயவுசெய்து சொல்லுங்கள்.

லீத் துறைமுகத்தான்:
முதலில் அது மென்சீஸ் அன்று, தம்பி, ‘மிங்கிஸ்’. திருமண வீட்டில் போய் மென்சீஸ் என்று சொல்லிவிடாதீர்கள். பழைய ஸ்காட்ஸ் எழுத்தில் ‘யோக்’ என்றோர் எழுத்து இருந்தது. அச்சுக்கூடத்தில் அதற்கு அச்சு இல்லாததால், பார்வைக்கு ஒத்திருந்த ஸெட் எழுத்தைக் கோத்துவிட்டார்கள்.

மேலாடை நேரத்தைப் பொறுத்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு அடர்சாம்பல் ட்வீடில் கொம்புப் பொத்தான் வைத்த ஆர்கைல் மேலாடை, அதே துணியில் வெஸ்ட்கோட், வெள்ளைச் சட்டை, நீளமான கம்பளி டை, இடுப்பின் முன்னால் தொங்கும் ஸ்போரன் என்னும் தோல் பை. வெள்ளிப் பொத்தானும் பின்புறம் குட்டை வாலும் கொண்ட கறுப்புப் பிரின்ஸ் சார்லியை மாலைக்கு ஒதுக்கி வையுங்கள், வில் டையும் அதனோடுதான். கறுப்புச் சட்டை மட்டும் வேண்டாம். கறுப்பு மேலாடைக்குள் கறுப்புச் சட்டை, கீழே கறுப்பு வெள்ளைக் கட்டம், அதற்கும் கீழே கிளைடு கரையோனின் வெள்ளைக் காலுறை என்று போய் நின்றால், உயர்நீதிமன்றத்துக்கு வழி தவறிய வழக்கறிஞர் என்றே நினைப்பார்கள். நிறம் வேண்டுமானால் காலுறைப் பட்டியிலிருந்து தொங்கும் ஃபிளாஷ் என்னும் துணிநாடாவிலும் டையிலும் ஒரே அடர்சிவப்பை வையுங்கள், போதும். காலுறை சாம்பல்.

கிளைடு கரையோன்:
கேட்டது மேலாடை, வந்தது உச்சரிப்பு வகுப்பு. கோழிக்கோட்டின் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் ஸெட் போட்டு எழுதியதைப் பார்த்து வடக்கே ‘கோஸிகோட்’ என்று படிப்பார்களே, அதைப் போன்ற கதைதான் இது, எங்களுக்கும் தெரியும். ஆனால் மென்சீஸ் என்றே தம் பெயரைச் சொல்லிக்கொள்ளும் ஸ்காட்லாந்துக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று திருத்துவீர்களா?

மரபு என்கிறீர்கள். 1822இல் எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜார்ஜ் மன்னர், கில்டுக்குள்ளே தோல் நிறத்தில் இறுக்கமான காலாடை அணிந்துதான் காட்சி தந்தார். அந்த வருகைக்குச் சர் வால்டர் ஸ்காட் நடத்திய அலங்காரத்துக்குப் பிறகுதான் தாழ்நிலத்துக்காரர்களுக்கும் டார்டன் மோகம் பிடித்தது. மன்னருக்கே அப்படியொரு சலுகை இருந்தபோது, என் வெள்ளைக் காலுறை மட்டும் உங்கள் கண்ணை உறுத்துகிறதா?

லீத் துறைமுகத்தான்:
மன்னரின் காலாடையைக் கேலிச்சித்திரக்காரர்கள் அன்றே கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். ஊர் சிரித்த ஒன்றை முன்மாதிரி என்று காட்டுகிறீர்களே. மீண்டும் சொல்கிறேன், சாம்பல்.

டைன் ஆற்றங்கரை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கறுப்பு வெள்ளைக் கட்டம் என்றாலே ஸ்காட்லாந்து என்று இருவரும் முடிவுகட்டிவிட்டீர்கள். எல்லைக்குத் தெற்கே எங்கள் நார்தம்பர்லாந்தில் மேய்ப்பர்கள் போர்த்திய கட்டமும் கறுப்பு வெள்ளைதான். நார்தம்பர்லாந்து கோமகனின் குழலிசைக்காரர் இன்றும் அதைத்தான் அணிகிறார். ஃபால்கர்க்கில் வெள்ளி நாணயப் பானையின் வாயில் அடைத்திருந்த மூன்றாம் நூற்றாண்டுத் துணித்துண்டு எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுவும் சாயமிடாத இரு நிறக் கம்பளியில் நெய்த கட்டமே. அப்போது குலம் ஏது, மென்சீஸ் ஏது?

லீத் துறைமுகத்தான்:
மிங்கிஸ். மேலும் ஃபால்கர்க் ஸ்காட்லாந்தில்தான் இருக்கிறது, உங்கள் டைன் ஆற்றங்கரையில் இல்லை. அந்தப் பானைக்கு யாரும் வெள்ளைக் காலுறை மாட்டவும் இல்லை.

தறியோசை:
சேலத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்து, இப்போது டண்டீயில் வாழ்பவள் நான். இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள், ஒருவராவது துணியைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களா? கில்ட் துணி ட்வில் நெசவு. குறுக்கே ஓடும் ஊடை நூல், நெடுக்கே நிற்கும் இரண்டு பாவு நூல்களின் மேலும், அடுத்த இரண்டின் கீழுமாக, வரிசைக்கு ஒரு நூல் நகர்ந்து நகர்ந்து செல்லும். கறுப்புப் பாவில் கறுப்பு ஊடை விழுந்த இடம் கறுப்பு, வெள்ளையில் வெள்ளை விழுந்த இடம் வெள்ளை, ஒன்றின் குறுக்கே மற்றது விழுந்த இடத்தில் சாய்ந்த பொடிக்கோடுகள் எழும்பும். இரண்டடி தள்ளி நின்றால் அது சாம்பலாகவே தெரியும். இரு நிற நூல்களும் சம அளவாக இருந்தால் துணியில் கால்பங்கு கறுப்பு, கால்பங்கு வெள்ளை, மிச்சமுள்ள சரிபாதி சாம்பல். கில்டில் இரண்டே நிறங்கள் என்று கிளைடு அண்ணா எழுதியது நூல்கண்டுக்குப் பொருந்தும், துணிக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கில்டில் இருப்பது கம்பளியின் வெண்மை, அதில் லேசான பால்நிறம் உண்டு. கடைக்காரர் தரும் காலுறையில் இருப்பதோ சொட்டு நீலம் போட்ட வேட்டியின் வெண்மை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கில்ட்தான் அழுக்கேறியதுபோல் தெரியும்.

லீத் துறைமுகத்தான்:
நான் முதல் பதிவிலேயே சொன்னதைச் சகோதரி தறிமொழியில் உறுதிசெய்திருக்கிறார். நன்றி.

தறியோசை:
நீங்கள் சொல்லவில்லை, ஐயா. நீங்கள் படைப்பிரிவையும் வாடகைக் கடையையும் பற்றித்தான் சொன்னீர்கள். துணியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் சாம்பல் என்று எழுதியது உங்கள் பக்கம் சேர்வதற்காக அன்று. என்னைக் கேட்டால் பால்நிறக் கம்பளிக் காலுறையும் பொருந்தும்.

கிளைடு கரையோன்:
பால்நிறம் வெள்ளையில் சேர்த்தியா, சாம்பலில் சேர்த்தியா? நான் சொன்னதும் அதுதானே!

லீத் துறைமுகத்தான்:
நீங்கள் சொன்னது வெள்ளை. பால்நிறம் என்று இப்போதுதான் கரை ஒதுங்குகிறீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிளாஸ்கோவில் ஒரு திருமணத்துக்கு வாடகை உடையில் சென்றிருந்தேன். பொட்டலத்தில் வந்தது மெல்லிய செயற்கை இழையிலான வெள்ளைக் காலுறை. ‘ஸ்ட்ரிப் த வில்லோ’ நடனத்தின் இரண்டாம் சுற்றிலேயே இடதுகால் உறை சரிந்து கணுக்காலில் சுருண்டது. மடிப்புக்குள் இருந்த பட்டியும் ஃபிளாஷும் எவரோ ஒருவரின் காலடியில் போயின. வலதுகாலில் செருகியிருந்த ஸ்கீயன் டூ கத்தியைக் கையால் பிடித்துக்கொண்டே மிச்ச நடனத்தை ஆடினேன். அன்று முடிவெடுத்தேன், வெள்ளை வேண்டாம் என்று.

தறியோசை:
சரிந்தது இழையின் குற்றம், நிறத்தின் குற்றம் அன்று. செயற்கை இழையில் சாம்பல் நிறக் காலுறை போட்டிருந்தாலும் அதே கணுக்காலில்தான் வந்து நின்றிருக்கும்.

கிளைடு கரையோன்:
அப்படியானால் இத்தனை நாள் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது மரபு இல்லை, சரிந்த காலுறையின் கோபம்! போன ஆண்டு கவிஞர் பர்ன்ஸ் நினைவாக நடக்கும் பர்ன்ஸ் இரவு விருந்துப் படத்தை இங்கே பகிர்ந்தீர்களே, அதில் வெஸ்ட்கோட்டின் கீழே அகலமான தோல் கச்சை தெரிந்ததை நான் பெருந்தன்மையாகப் பேசாமல் விட்டேன். வெஸ்ட்கோட் அணிந்தால் கச்சை கட்டக் கூடாது என்பது கில்ட் உடுத்தும் சிறுவனுக்கும் தெரியும். கச்சையில் தவறியவர் காலுறைக்குத் தீர்ப்பு எழுதுகிறார்.

லீத் துறைமுகத்தான்:
அந்த வெஸ்ட்கோட் இரண்டு அங்குலம் குட்டை. கச்சை இல்லாவிட்டால் சட்டை எட்டிப் பார்த்திருக்கும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இழையின் பொருள் காலுறை. சாம்பல்.

டைன் ஆற்றங்கரை:
கில்ட் ஊசியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. வெளிமடிப்பில் மட்டும் குத்துங்கள், தம்பி. உள்மடிப்போடு சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும், நான் கிழித்திருக்கிறேன். மேய்ப்பர் கட்டத்துக்கு இதுவரை பதில் வரவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

புதுக்கில்ட்:
இன்று கடையிலிருந்து பொட்டலம் வந்துவிட்டது. கறுப்புப் பிரின்ஸ் சார்லி, வில் டை, நாக்கில்லாத கில்லி காலணி, காலுறை வெள்ளை. சாம்பல் கேட்டேன், என் அளவில் இல்லையாம். பிற்பகலில் பிரின்ஸ் சார்லி போடலாமா? காலணியின் நீண்ட கயிற்றைக் கணுக்காலுக்கு மேலே எத்தனை சுற்றுச் சுற்றுவது?

கிளைடு கரையோன்:
கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. மாற்றாதீர்கள்.

லீத் துறைமுகத்தான்:
கடைக்காரருக்குத் தெரிந்தது கையிருப்பு மட்டுமே. பெர்த் நகரில் வேறு கடைகள் இருக்கின்றன, சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. கம்பளிக் காலுறை, அடர்சாம்பல்.

தறியோசை:
தம்பி கேட்டது காலணிக் கயிறு.

லீத் துறைமுகத்தான்:
கயிறு எந்தக் காலுறையின் மேல் சுற்றப்படுகிறது என்பது முடிவாகாமல் கயிற்றைப் பற்றி என்ன பேசுவது, சகோதரி?