ஏற்பு, புகுத்தல், கொணர்வு: மரபணு உயிரணுவுக்குள் செல்லும் மூன்று வழிகளுக்கான சொற்கள்

அன்புடையீர்,

வணக்கம். ட்ரான்ஸ்ஃபெக்‌ஷன் (வெளியிலிருந்து உயிரணுவுக்குள் மரபணுவைச் செலுத்துதல்) என்பதற்குத் ‘தொற்றுமாற்றம்’ என்ற சொல்லை நண்பர் ஒருவர் முன்வைக்க, மூவர் வழிமொழிந்திருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சொல்லை மட்டும் தனியே எடுத்து முடிவு செய்யவும் இயலாது. ட்ரான்ஸ்ஃபார்மேஷன், ட்ரான்ஸ்டக்‌ஷன் ஆகிய இரண்டையும் உடன் வைத்துப் பார்த்தால்தான் எது எங்கே முடிகிறது என்று தெரியும் என்பதால், சற்று நீட்டியே எழுதுகிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன், பெங்களூரு மருத்துவமனை ஒன்றில், இரத்தப் புற்றுநோய்க்காக மகனைக் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து அழைத்து வந்திருந்த ஒரு தாய்க்கு ஒப்புதல் படிவத்தை விளக்கிச் சொல்லும்படி என்னை அழைத்திருந்தார்கள். படிவம் தமிழில்தான் இருந்தது. ‘வைரஸ் மூலம் டி உயிரணுக்களுக்குள் மரபணு கடத்தப்படும்’ என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு அவர், “யாரு எதைக் கடத்துறாங்க? கிருமியை ஏத்தப் போறாங்களா?” என்று கேட்டார். மின்கடத்தி, வெப்பக் கடத்தல் என்று வகுப்பில் படித்தவர்களுக்கே இச்சொல்லின் அறிவியல் பொருள் தோன்றும்; தங்கக் கடத்தல், ஆள் கடத்தல் என்று நாளிதழில் படிப்பவருக்குத் தோன்றாது. மகனின் டி உயிரணுக்களை, அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களை, வெளியே எடுத்து, பெருக முடியாதபடி ஆக்கப்பட்ட வைரஸைக் கொண்டு அவற்றுக்குள் ஒரு மரபணுவைச் சேர்த்து, பிறகு அவற்றையே திரும்ப ஏற்றுவார்கள் என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ‘தொற்றுமாற்றம்’ என்று அந்தப் படிவத்தில் இருந்திருந்தால் அவர் கையெழுத்திட்டிருக்கவே மாட்டார்.

ஆங்கிலச் சொற்கள் மூன்றும் வரலாற்றின் போக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தவை. 1928இல் லண்டனில் கிரிஃபித், நோய் தராத நிமோனியா பாக்டீரியாவைக் கொல்லப்பட்ட நச்சு வகையுடன் சேர்த்து எலிகளுக்குச் செலுத்தியபோது எலிகள் இறந்தன. உயிருள்ள பாக்டீரியா நச்சு வகையாக மாறியிருந்தது. அந்த மாற்றமே ட்ரான்ஸ்ஃபார்மேஷன் எனப்பட்டது. மாற்றிய பொருள் டி.என்.ஏ. என்பதை ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி ஆகியோர் 1944இல் காட்டினர். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களும் மரபணுவைக் கொண்டு சேர்க்கின்றன என்று சிண்டரும் லெடர்பெர்கும் 1952இல் கண்டு, அதற்கு ட்ரான்ஸ்டக்‌ஷன் என்று பெயரிட்டனர். விலங்கு உயிரணுக்களைப் பொறுத்தவரை ட்ரான்ஸ்ஃபார்மேஷன் என்றால் புற்றுநோய்த் தன்மை அடைதல் என்ற பொருள் வேரூன்றிவிட்டதால், அங்கே வேறு சொல் தேவைப்பட்டது. வைரஸின் வெறும் டி.என்.ஏ.வைச் செலுத்தித் தொற்றை உண்டாக்கிய சோதனைகளுக்காக, ட்ரான்ஸ்ஃபார்மேஷனோடு தொற்றைக் குறிக்கும் இன்ஃபெக்‌ஷனை இணைத்துப் பிறந்த ட்ரான்ஸ்ஃபெக்‌ஷன் என்ற கலப்புச் சொல் அந்த இடத்துக்கு வந்தது. இன்று நாம் கொழுப்புத் துளிகளைக் கொண்டு ஒரு மரபணுவைச் செலுத்தும்போது தொற்று எதுவும் நிகழ்வதில்லை. சொல்லில் மட்டும் அது தங்கிவிட்டது. அந்தத் தழும்பை நாம் தமிழில் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆகவே, வேலையைச் செய்வது யார் என்பதை வைத்துப் பெயரிடலாம் என்பது என் கருத்து.

உயிரணு தானே வெளியிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்துக்கொண்டால் அது மரபணு ஏற்பு. அதற்கு ஆயத்தமான பாக்டீரியாவை ஏற்புநிலை உயிரணு எனலாம். எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் ‘காம்பிடென்ட் செல்’ என்று நாள்தோறும் சொல்வது இதைத்தான். மனிதன் கருவியாலோ வேதிப்பொருளாலோ உள்ளே செலுத்தினால் அது மரபணுப் புகுத்தல். புகுதல், புகுத்தல் என்று தன்வினையும் பிறவினையும் நம் மொழியில் இணையாக இருப்பது பெரிய வசதி: மின்துளைப் புகுத்தல், கொழுப்புவழிப் புகுத்தல், துகள்வீச்சுப் புகுத்தல் என்று எல்லா முறைகளுக்கும் சொல் இயல்பாக வளர்கிறது.

வைரஸ் கொண்டுவந்து சேர்த்தால் அது மரபணுக் கொணர்வு. உணர், உணர்வு, உணரி என்பவை வழக்கில் உள்ளன. சென்சாருக்கு உணரி என்பது நிலைத்தேவிட்டது. அதே அச்சில் கொணர், கொணர்வு, கொணரி. மரபணுவைச் சுமந்து வரும் வெக்டாருக்குக் கொணரி என்ற சொல்லும் இதிலேயே கிடைத்துவிடுகிறது. ‘கடத்தி’யை நோய் பரப்பும் கொசுவுக்கே விட்டுவிடலாம். இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோய் கடுமையாக உள்ள ஐவருக்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அளிக்கப்பட்ட சிகிச்சை 2024 டிசம்பரில் வெளியானதே, அதை ‘லென்டிவைரஸ் கொணரியால் இரத்த உறைவுக் காரணி எட்டின் மரபணு அவர்களுடைய தண்டுயிரணுக்களில் சேர்க்கப்பட்டது’ என்று எழுதிப் பாருங்கள். ஒரு தாய்க்குப் படித்துக் காட்டலாம்.

இவை எல்லாவற்றையும் ‘மரபணு மாற்றம்’ என்ற ஒரே குடைக்குள் வைப்பதும் போதாது. மரபணுவில் தானாகவே நேரும் பிறழ்வான மியூட்டேஷனையும் பலர் அப்படியே எழுதுகிறார்கள். பூச்சியை எதிர்க்க ஒரு பாக்டீரியாவின் மரபணு சேர்க்கப்பட்ட பி.டி. கத்தரிக்காய் பற்றி இந்நகரில் 2010இல் பெரும் விவாதம் நடந்தபோது, கன்னட நாளிதழ்கள் ‘குலாந்தரி’ என்ற தனிச்சொல்லால் எழுதின. ஒரு குலத்தின் மரபணு மற்றொரு குலத்துக்குச் சென்றது என்பது அச்சொல்லிலேயே தெரிகிறது. நம்மிடம் அந்தப் பிரிப்பு இன்னும் வரவில்லை.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து

மறுமொழி:

மதிப்பிற்குரிய அம்மா,

கொணர்வு, கொணரி இரண்டையும் மனமார ஏற்கிறேன். ‘ஏற்பு’ குறித்து ஓர் ஐயம். ஆய்வகத்தில் நாம் வளர்க்கும் ஈ. கோலை பாக்டீரியா தானாக எதையும் ஏற்பதில்லை. கால்சியம் குளோரைடில் ஊறவைத்து, பனிக்கட்டியில் வைத்து, 42 டிகிரியில் முக்கால் நிமிடம் சூடுகாட்டி, மீண்டும் பனிக்கட்டியில் வைத்தபின்தான் டி.என்.ஏ. உள்ளே போகிறது. தங்கள் அளவுகோலின்படி இதுவும் புகுத்தல்தானே? பயிர்களில் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா செய்வதையும் ஆங்கிலத்தில் ட்ரான்ஸ்ஃபார்மேஷன் என்றே சொல்கிறோம். அதை எங்கே வைப்பது?

பணிவுடன்

மறுமொழி:

அன்புள்ள தம்பி,

இரண்டும் சரியான கேள்விகள். அக்ரோபாக்டீரியம் தன் டி.என்.ஏ.வின் ஒரு துண்டைச் செடியின் உயிரணுவுக்குள் தானே கொண்டு சேர்க்கிறது. ஆகவே அது கொணர்வு, அந்த பாக்டீரியா கொணரி. ஆங்கிலத்தின் வகைப்பாட்டோடு இது பொருந்தாது என்றாலும் நடப்பதோடு பொருந்துகிறது. ‘வைரஸ் கொண்டுவந்து சேர்த்தால்’ என்று நான் எழுதியதை ‘வைரஸோ வேறோர் உயிரோ’ என்று திருத்திக்கொள்கிறேன்.

ஈ. கோலையில் நீங்கள் சொல்வதே சரி. கிரிஃபித் கண்ட இயற்கை நிகழ்வுக்கு மட்டும் ஏற்பு என்று வைத்து, இதை வெப்ப அதிர்வுப் புகுத்தல் என்போம். ஆனால் பனிக்கட்டியில் காத்திருக்கும் அந்தக் குழாயின்மேல் ‘ஏற்புநிலை’ என்று எழுதுவதை மட்டும் விட வேண்டாம். அந்தச் சூட்டுக்கு முன்னரே கால்சியம் அந்த உயிரணுவை அந்நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. புற்றுத்தன்மை அடைதலுக்குப் ‘புற்றுத் திரிபு’ என்று நினைத்திருக்கிறேன். புற்றுநோய் மருத்துவர்கள் யாரேனும் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்