ஓணம் தள்ளுபடியில் பெரிய டிவி: கேரள-தமிழ்நாட்டு எல்லையோரத்து அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் என் மாமியாருக்குச் சின்னத் திரையில் ஓடும் எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. அதனால் 2025 ஆவணியில் 55 அங்குல டிவி ஒன்று வாங்க முடிவு செய்தோம். பாலக்காட்டுக் கடைகளில் ஓணம் விற்பனை உச்சத்தில் இருந்தது. திருவோணம் செப்டம்பர் 5. அதற்கு இரண்டு நாள் முன்னால், செப்டம்பர் 3 இரவு, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறையும், 22ஆம் தேதி முதல் அமலுக்கு வரும் என்று ஜிஎஸ்டி கவுன்சில் அறிவித்தது. கடைக்காரரோ, "இந்த விலை ஓணம் வரைக்கும்தான் அக்கா, பிறகு கிடைக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வரி சேர்க்காத விலை 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பழைய வரியில் 64,000, புதிய வரியில் 59,000. கடைக்காரர் தன் கையிலிருந்து ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்காமலே 5,000 ரூபாய் குறைந்துவிடும். தீபாவளி அக்டோபர் 20. "இத்தனை நாள் பொறுத்தேன், இன்னும் ஒரு மாதம் பொறுக்க மாட்டேனா?" என்று மாமியாரே சொல்லிவிட்டார்.

22ஆம் தேதிக்குப் பிறகு அந்தக் கடைக்கே போனேன். "விழாக்காலச் சிறப்புத் தள்ளுபடி 8 சதவீதம்" என்று புதிதாகத் தட்டி வைத்திருந்தார்கள். 64,000 என்பது 59,000 ஆனால் அது ஏறத்தாழ 8 சதவீதம். அரசு குறைத்த வரியைத்தான் கடையின் தாராளம் போல எழுதியிருந்தார்கள். 32 அங்குல டிவியிலும் அதே அட்டை தொங்கியது. அந்த அளவுக்கு 2019 ஜனவரியிலிருந்தே 18 சதவீதம்தான். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஆகவே, தட்டியில் உள்ள சதவீதத்தைப் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலையிலிருந்து கணக்கிட்டது, அந்த விலைக்கு யாரும் விற்பதில்லை. மாடல் நம்பரை முழுமையாக எழுதிக்கொண்டு, கையில் கொடுக்கவேண்டிய கடைசித் தொகை எவ்வளவு என்பதை மட்டும் நாலைந்து கடைகளில் கேட்டு ஒப்பிடுங்கள்.

கோயம்புத்தூரில் வாங்கினால் வரி குறைவு என்று எங்கள் பக்கம் இன்னும் பலர் நம்புகிறார்கள். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்கு முன் அதில் உண்மை இருந்திருக்கலாம். பிறகு கேரளத்தில் 2019 ஆகஸ்டிலிருந்து 2021 ஜூலை வரை வெள்ள நிவாரணத்துக்காக 1 சதவீதம் கூடுதலாக வாங்கினார்கள். அதுவும் முடிந்துவிட்டது. இப்போது எல்லையிலுள்ள வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கடையில் ஓடுவது கடைக்கென்றே தயாரித்த காட்சி. பூ, கடல், பனிமலை. எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். நான் பிடிவாதமாக நின்று, மாமியார் பார்க்கும் தமிழ் சேனலைச் சாதாரண கேபிள் இணைப்பில் போடச் சொன்னேன். 65 அங்குலத்தில் அது மழையில் நனைந்த செய்தித்தாள் போல இருந்தது. சாதாரண சேனலின் படம் 720க்கு 576 புள்ளிகள். 4கே திரை 3840க்கு 2160. ஒவ்வொரு புள்ளியையும் இருபதாகப் பெருக்கித்தான் அந்தத் திரையை நிரப்பமுடியும். அதனால் 55க்கு மேல் போகவில்லை. மிச்சமான பணத்தில் ஒரு பகுதியைப் படம் தெளிவாக வரும் எச்டி இணைப்புக்குக் கட்டினோம். இப்போது அவர் எழுத்துகளை வாய்விட்டுப் படிக்கிறார்.

மீனாட்சிபுரத்திலிருந்து

கொழிஞ்சாம்பாறை அக்கா சொன்னதோடு, டிவி பழுதுபார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். பொள்ளாச்சிக்கும் சித்தூருக்கும் இடைப்பட்ட ஊர்களில் எனக்கு வேலை. சித்தூர் என்றால் பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரத்துச் சித்தூர் அல்ல.

பெரிய டிவியில் விலையின் பெரும்பகுதி பேனல்தான், அதாவது படம் தெரியும் திரைப் பகுதி. வாரண்டி முடிந்தபின் பேனல் போனால், பெரும்பாலும் புது டிவி வாங்குவதே மேல் என்று சொல்லவேண்டி வருகிறது. அதைச் சொல்லும்போது அந்த வீட்டார் முகத்தைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஆகவே 3,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கும் டிவியை விட, பேனலுக்கு ஒரு வருடம் கூடுதல் வாரண்டி எழுதித் தரும் டிவியை வாங்கச் சொல்வேன். கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. பில்லிலோ வாரண்டி அட்டையிலோ இருக்கவேண்டும்.

கடையில் காட்சிக்கு வைத்திருந்ததை டிஸ்ப்ளே பீஸ் என்று பாதி விலைக்குத் தருவார்கள். காலை முதல் இரவு வரை உச்ச வெளிச்சத்தில் ஓடிய டிவி அது. திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட் எல்இடிகளின் ஆயுளில் ஒரு பங்கு கடையிலேயே கரைந்துவிட்டது. நான் வாங்கமாட்டேன். வாங்கியே ஆகவேண்டும் என்றால் வாரண்டி பில் தேதியிலிருந்து முழுதாகத் தொடங்குகிறதா என்று கேளுங்கள். புதுப் பெட்டியாக இருந்தாலும் தயாரித்த மாதமும் வருடமும் பெட்டியில் அச்சிட்டிருக்கும். தள்ளுபடி எந்த அளவுக்குத் தாராளமோ, அந்த எழுத்தை அந்த அளவுக்குக் கூர்ந்து படியுங்கள். பழைய மாடல் என்பதால் கெட்டது என்று இல்லை. ஆனால் பழைய மாடலுக்குப் பழைய மாடலின் விலைதான் கொடுக்கவேண்டும்.

எச்டிஆர் என்று முத்திரை இருக்கும், வெளிச்சமும் நிழலும் நுணுக்கமாகத் தெரியும் முறை அது. போதிய வெளிச்சம் இல்லாத பேனலில் அதனால் பயன் குறைவு. க்யூஎல்இடி என்பதும் எல்சிடி திரைதான், நிறத்தைக் கூட்ட ஒரு படலம் சேர்த்தது. கூடத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் அதிகம் என்றால், கடையிலும் பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். சில பேனல்களில் அங்கிருந்து நிறம் வெளுத்துவிடும்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஐப்பசி இடி பொல்லாதது. அந்த மாதத்தில் என்னிடம் வரும் டிவிகளில் பல மின்னலால் போர்டு எரிந்தவை. பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். கேபிள் வயரும் டிஷ் வயரும் செட்டாப் பாக்ஸிலேயே இருந்திருக்கும். மின்னல் அந்த வழியாக, பாக்ஸை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ வரை வந்துவிடுகிறது. இதற்கு வாரண்டி கிடையாது. பெரிய டிவி வாங்கும் பணத்தில் முதலில் வீட்டின் எர்த்தைச் சரிபாருங்கள்.

வாளையாரிலிருந்து

வட்டியில்லாத் தவணை பற்றி மட்டும் சுருக்கமாக. அதே டிவிக்கு ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று கேட்டேன். விலை குறைந்தது. அந்தக் குறைவுதான் வட்டி. அதற்கு மேல் செயலாக்கக் கட்டணமும் அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தன. எல்லாம் கூட்டிப் பார்த்தபின் ஆறு மாதம் சேமித்து ரொக்கமாகவே வாங்கினேன்.

ஆரியங்காவிலிருந்து

எங்களுக்குப் புனலூரை விடச் செங்கோட்டையும் தென்காசியும் கைக்கெட்டும் தூரம். விலையும் பேச்சும் தமிழில் நடக்கும் என்பதால் தென்காசியில் ஒரு கடையில் 50 அங்குல டிவி வாங்கினேன். விலை உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் பெட்டியைப் பிரித்து மாட்டித் தருபவர் யார் என்பதைக் கம்பெனி நம் பின்கோடைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. கடை தமிழ்நாட்டில், வீடு கொல்லம் மாவட்டத்தில். தென்காசி ஆள், "அது எங்கள் எல்லை இல்லை" என்றார். கேரளத்து ஆள், "கடையைக் கேளுங்கள்" என்றார். நாள் கணக்கில் பெட்டி திண்ணையிலேயே இருந்தது. பிரித்துப் பார்த்தபோது திரையின் ஓரத்தில் ஒரு கோடு. வழியில் அடிபட்டது என்று சொல்லிக் கடை கைவிரித்தது.

அப்போது எனக்குக் கைகொடுத்தது ஒரு சட்டம். எல்லையோரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். பில், பெட்டியின் படம், பிரித்தபோது தம்பி எடுத்த வீடியோ எல்லாம் இருந்தன. பதில் வரவில்லை என்றால் கொல்லத்தில் வழக்குப் போடுவேன் என்று கடைக்கு எழுதி அனுப்பினேன். ஆணையம் வரை போகவேண்டி வரவில்லை, டிவியை மாற்றிக் கொடுத்தார்கள்.

இப்போது யாராவது தென்காசிக்கு டிவி வாங்கப் போவதாகச் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் கம்பெனியின் இலவச எண்ணுக்கு அழைத்து நம் பின்கோடைச் சொல்லுங்கள் என்கிறேன். மாட்டித் தர எந்த ஊரிலிருந்து ஆள் வருவார், எத்தனை நாளில் வருவார் என்று கேளுங்கள். பெட்டியை வண்டியில் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே கொண்டுவாருங்கள், பிரிக்கும்போது யாராவது வீடியோ எடுக்கட்டும்.