படர்தாமரை: களிம்பு போட்டா அடங்குது, விட்டா திரும்ப வருது

தண்டையார்பேட்டை:
தம்பிக்கு காசிமேட்டுல மீன் இறக்குற வேலை. தொடை இடுக்கு, இடுப்பு ரெண்டுலயும் படர்தாமரை. மருந்துக்கடையில கொடுத்த களிம்பு போட்டா ரெண்டு மூணு நாள்ல அரிப்பு அடங்குது, நிறுத்தினா முன்னைவிடப் பெருசா வருது. இப்போ அவன் சம்சாரத்துக்கும் வந்திருக்கு. என்ன செய்யலாம்?

ராயபுரம்:
ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படிங்க. க்ளோபிட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் இதுல ஒண்ணு இருந்தா அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும். பூஞ்சை உள்ளே பரவிக்கிட்டே இருக்கும். வட்டத்தோட விளிம்பு மங்கிடுறதால டாக்டருக்கே அடையாளம் தெரியாமப் போகலாம். இடுக்குல தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சு வரி விழும், அது மறையாது. நிறுத்தின சில நாள் அரிப்பு கூடும், அதுக்குப் பயந்து மறுபடி எடுக்காதீங்க.

அதுக்குப் பதிலா ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பு போடணும்: வெறும் லூலிகோனசோல் 1% தினம் ஒரு தடவை, இல்ல க்ளோட்ரிமசோல் 1% ரெண்டு தடவை. ஈரம் போகத் துடைச்சு, நல்லா உலர்ந்த பிறகு போடணும். கறைக்கு வெளியே 2 செ.மீ. வரைக்கும் தடவணும், பூஞ்சை பார்வைக்கு நல்லா இருக்குற தோல்லயும் இருக்கும். ஆள்காட்டி விரல் நுனியில இருந்து முதல் கோடு வரைக்கும் பிதுக்கினா சுமார் அரை கிராம். ரெண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். 10 கிராம் ட்யூப் பாதியிலேயே தீர்ந்துடும், 30 கிராமா வாங்குங்க. கறை போன பிறகும் 2 வாரம் போடணும். இங்கதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறாங்க.

வியாசர்பாடி:
ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வைத்தியம் பார்க்கணும், இல்லேன்னா மாத்தி மாத்தி ஒட்டும். துண்டு, சோப்பு தனித்தனியா. ஜட்டி, லுங்கி, துண்டெல்லாம் கொதிக்கிற தண்ணியில ஊறவெச்சுத் துவைச்சு, உள்பக்கம் வெளியே தெரியுற மாதிரி வெயில்ல காயவைங்க. மழைக்காலத்துல இஸ்திரி போட்டாவது உடுத்தணும். வேலை முடிஞ்சதும் ஈரத்துணியை மாத்திடணும். கால் விரலிடுக்கையும் பாருங்க; அங்கே சேத்துப்புண் இருந்தா ஜட்டி போடும்போது மேலே ஏறும். முதல்ல சாக்ஸ், அப்புறம் ஜட்டி.

ராயபுரம்:
நிறைய இடத்துல இருந்தா களிம்பு மட்டும் பத்தாது. இப்போ நம்ம ஊர்ல பரவுற பூஞ்சை வகைல பல, டெர்பினாஃபின்ங்கிற பூஞ்சை மருந்துக்கு அடங்குறதில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவுல காட்டுங்க, தோல் செதிலைச் சுரண்டிப் பூஞ்சை இருக்கான்னு பார்ப்பாங்க. அன்னைக்குக் களிம்பு தடவாமப் போகணும். பூஞ்சைக்கு உள்ளே சாப்பிடுற இட்ராகோனசோல் கேப்சூல் எழுதினா வயிறு நிறைய சாப்பிட்ட உடனே போடணும். அதோட சேர்த்து அசிடிட்டிக்கான வாயு மாத்திரை எடுத்தா மருந்து உடம்புல சரியா சேராது. இதய பலவீனம், கொலஸ்ட்ரால் மாத்திரை, சம்சாரம் கர்ப்பம்னா முன்கூட்டியே சொல்லிடுங்க.